நடத்தை: திருப்தியில்லை

மருதாசலத்துக்கு ஊரில் எல்லோரையும் தெரியும்; அவனை ஊரில் யாருக்கும் தெரியாது. மின்வாரியத்து ஒயர்மேன் பிழைப்பு அப்படி. மோட்டார் ஓடாமல் நின்றால்தான் அவன் பேர் ஞாபகத்துக்கு வரும். அவன் வந்து போஸ்ட்டில் ஏறி, பியூஸ் போட்டு, இறங்கிச் சைக்கிளை எடுக்கும்போது ஒருத்தரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். வாய்க்காலில் விழுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. கரும்பு காய்ந்து கிடக்கிறபோது மனுஷன் எங்கே கண்ணில் படுவான்?

மோகனூர் ஆலைக்குக் கரும்பு வண்டி போகிற சாலையில்தான் அந்த ஊர். பெயர் எதற்கு, சொன்னால் வம்பு. வாய்க்காலை ஒட்டிய ஓட்டு வீட்டில் மருதாசலமும் அவன் மகள் சௌந்திரமும் குடியிருந்தார்கள். பெண்டாட்டி பாப்பாயி எழுபத்தாறில் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தாள். அப்போது பிள்ளைக்கு ஏழு வயது. ஆட்டையாம்பட்டியில் கட்டிக்கொடுத்திருந்த அக்கா அங்கம்மாள் இன்னொரு கல்யாணம் பண்ணிக்கொள்ளச் சொல்லி மூன்று வருஷம் நச்சரித்துவிட்டு, அலுத்துப்போய் விட்டுவிட்டாள். சௌந்திரத்துக்குத் திக்குவாய். தகப்பனுக்கோ பிறவியிலேயே பேச்சு குறைவு. காலையில் அவன் சோறு ஆக்குவான், அவள் பாத்திரம் கழுவுவாள். பொழுது சாய்ந்தால் ரேடியோ பேசும், இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அப்படியே ஆறு வருஷம் ஓடியது. அதைப் பாசம் என்றே அவன் நினைத்துக்கொண்டிருந்தான்.

எண்பத்திரண்டு கார்த்திகையில் ஒரு புதன்கிழமை, பிள்ளைக்குக் காது அறுந்துவிட்டது என்று அவன் லைன் பார்த்துக்கொண்டிருந்த தோட்டத்துக்கே ஆள் வந்து சொன்னான். மருதாசலம் போஸ்ட்டிலிருந்து எப்படி இறங்கினான் என்பது அவனுக்கே தெரியாது.

உள்ளூர் உயர்நிலைப் பள்ளியில் அப்போது அவள் எட்டாவது படித்தாள். பள்ளியின் தாளாளருடைய தம்பி மகளும் அவளோடு மூன்று பெண்களும் ஒரு விளையாட்டு வைத்திருந்தார்கள். மத்தியானச் சோற்று மணி அடித்ததும் சௌந்திரத்தைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இழுத்துப் போவார்கள். திக்காமல் பேரைச் சொன்னால் விட்டுவிடுவார்கள். திக்கினால் ஒரு இழுப்பு. முதலில் சடையை இழுத்தார்கள், பிறகு காதை. அன்றைக்குத் தோட்டைப் பிடித்து இழுத்தார்கள். அவளுக்குத் தன் பேரின் முதல் எழுத்தே தொண்டையைத் தாண்டாது. இழுப்பு பொறுக்காமல் அவளும் தோட்டைப் பிடித்திருந்தவளின் கையைக் கடித்துவிட்டாள். அந்தப் பெண் தோட்டை விடாமல் கையை உதறினாள். காது கீழ்வரை கிழிந்துவிட்டது.

ஆஸ்பத்திரிக்கு ஒரு வாத்தியாரும் கூடவே வந்தார். டாக்டர் எப்படி ஆயிற்று என்று கேட்டதும் அவரே முந்திக்கொண்டு, ஓடி விளையாடும்போது தவறி விழுந்துவிட்டாள் என்றார். டாக்டரும் அப்படியே பதிவேட்டில் எழுதிக்கொண்டார். மருதாசலம் பக்கத்தில்தான் நின்றான். பிள்ளைக்கு ஊசி போடுகிற நேரத்தில் வாத்தியாரோடு மல்லுக்கு நிற்பதா என்று பேசாமல் இருந்துவிட்டான். அந்த ஒரு வரி பின்னால் எங்கே போனாலும் அவனுக்கு முன்னால் வந்து நின்றது.

தலைமையாசிரியர் அவனை உட்காரச் சொல்லிக் காப்பி வரவழைத்தார். பொம்பளைப் பிள்ளைகள் விளையாட்டு, தோடு எதிலோ மாட்டிக்கொண்டது, இதைப் பெரிசு பண்ணினால் உங்கள் பிள்ளைக்குத்தான் கெட்ட பேர் என்று தன்மையாகச் சொன்னார். தாளாளர் ஊரில் இல்லை என்றார்கள். அவர் ஒரு மாதம் ஊரிலேயே இல்லை. சாயங்காலம் மட்டும் அவர் கார் பள்ளிக்கூடத்து வாசலில் நிற்கும். போலீஸ் ஸ்டேஷனில் ஏட்டு, பள்ளிக்கூடத்துக்குள் நடந்ததற்கு வாத்தியார்தான் போலீஸ் என்று சொல்லி அனுப்பிவிட்டார். கல்வி அதிகாரிக்கு மனு எழுதிப் போட்டான். ‘தலைமையாசிரியரின் விளக்கத்துக்காக’ என்ற குறிப்போடு அது தலைமையாசிரியரிடமே போய்ச் சேர்ந்தது. திருடனிடமே சாவியைக் கொடுத்து வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சொன்ன கதைதான்.

அந்த மனுவுக்குப் பதில் மார்கழியில் வந்தது. பியூன் கொண்டுவந்து கொடுத்த உறையில் சௌந்திரத்தின் டி.சி. இருந்தது. கேட்காமலே எழுதிவிட்டார்கள். நடத்தை என்ற இடத்தில் ‘திருப்தியில்லை’ என்று போட்டு, சக மாணவியைக் கடித்துக் காயப்படுத்தியதாக ஒரு வரியும் சேர்த்திருந்தார்கள். அதை எடுத்துக்கொண்டு மருதாசலம் சுற்றுவட்டாரத்தில் மூன்று பள்ளிக்கூடம் ஏறி இறங்கினான். மூன்றிலும் அந்த இடத்தைப் படித்துவிட்டுத் தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தார்கள். கடிக்கிற பெண்ணை யார் சேர்த்துக்கொள்வார்கள்?

பிள்ளை வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். கார்த்திகையிலிருந்தே அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சோறு போட்டால் சாப்பிடுவாள், கூப்பிட்டால் நிமிர்ந்து பார்ப்பாள், அவ்வளவுதான். காது வலியாக இருக்கும், ஆறினால் சரியாகிவிடும் என்று அவன் நினைத்தான். காது ஆறியது. வீட்டில் ரேடியோ மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

பள்ளிக்கூடத்துக்குப் போகிற லைனும் அவன் பொறுப்புதான். மேலே ஏறினால் மைதானம் முழுக்கத் தெரியும். வெள்ளைச் சட்டையும் நீலப் பாவாடையுமாக அத்தனை பிள்ளைகள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு ஒருநாள் பியூஸ் கட்டையில் கையை வைத்தபடி வெகுநேரம் நின்றான். பிடுங்கிவிடலாம், ஒரு வாரம் இருட்டில் கிடக்கட்டும் என்று நினைத்தான். பிடுங்கவில்லை. இறங்கி வந்து, சைக்கிளில் சாய்ந்துகொண்டு அழுதான். சாலையில் போனவர்கள் கண்ணில் தூசி என்று நினைத்திருப்பார்கள்.

யாரோ சொல்லி, தை மாதம் நாமக்கல்லில் வக்கீல் வேலுசாமியைப் பார்த்தான். அறுபது வயசுக்காரர், முன்கோபி, ஆனால் காது கொடுத்துக் கேட்கிறவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வழிகளை ஒவ்வொன்றாகச் சொன்னார். ஸ்டேஷனில் எழுதிக்கொள்ளவில்லை என்றால் அதோடு கதை முடிந்துவிடாது, அதே புகாரைப் போலீஸ் மேலதிகாரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம். அவரும் அசையவில்லை என்றால் நேராக மாஜிஸ்திரேட்டிடமே புகார் கொடுக்கலாம். பிள்ளை மைனர் என்பதால் அவளுக்காகத் தகப்பனே நின்று சிவில் கோர்ட்டில் நஷ்ட ஈடு கேட்கலாம். தங்கள் பொறுப்பில் விட்ட பிள்ளையைப் பார்த்துக்கொள்ளவில்லை என்பதே வழக்குக்குப் போதும். சர்க்கார் உதவி வாங்குகிற பள்ளிக்கூடமானதால் கல்வித்துறை அவர்களைக் கூப்பிட்டுக் கேட்க முடியும். சேலத்தில் மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலருக்கு மேல்மனு போட்டு, விசாரணை வைக்கச் சொல்லி, டி.சி.யைத் திருத்த வைக்கலாம்.

"கோர்ட்டுன்னு போனா உம்பட பொண்ணு கல்யாண வயசுக்கு வந்துரும். இப்போத்திக்கு டி.சி.தான் பெருசு. அதை மாத்தோணும், பிள்ளை ஜூனுல ஒரு பள்ளிக்கூடத்துல போய் உக்காரோணும். மத்ததைப் பொறவு பார்த்துக்கலாம்" என்றார் வேலுசாமி. எதற்கும் சாட்சி வேண்டும் என்றார். ஆஸ்பத்திரிப் பதிவேடு அவர்கள் பக்கம் பேசுகிறது, கண்ணால் பார்த்தவர் யாராவது இருந்தால்தான் இது நிற்கும்.

பார்த்தவள் ஒருத்தி இருந்தாள். பள்ளிக்கூடத்துத் தொட்டிக்குத் தண்ணீர் சுமக்கிற ஆத்தாயி. ரத்தம் கொட்டிய காதில் தன் முந்தானையைச் சுற்றிக் கட்டியவளும் அவள்தான். கேட்டபோது கொஞ்சம் தயங்கினாள். பிறகு, தாய் இல்லாத பிள்ளை, நான் வந்து சொல்கிறேன் என்று ஒப்புக்கொண்டாள்.

மேல்மனு எழுதும்போது வேலுசாமி ஒன்று கேட்டார்.

"இதுக்கு முந்தி பொண்ணு உம்மகிட்ட ஏதாச்சும் சொல்லியிருக்குதா?"

"இல்லீங்க" என்றான் மருதாசலம். சொல்லிவிட்டுச் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தான். ‘இச்சம்பவத்துக்கு முன் மனுதாரருக்கு இது பற்றி எதுவும் தெரியாது’ என்று வக்கீல் எழுதினார். அதன் கீழே அவன் கையெழுத்துப் போட்டான்.

மனு போய் ஐந்து வாரம் ஆகியும் சேலத்திலிருந்து ஒரு தாள் வரவில்லை. ஊருக்குள் பேச்சு வேறு மாதிரி ஓடியது. சம்பளக்காரன், பள்ளிக்கூடத்தோடு மோதுகிறானாம். தாளாளர் தோட்டத்துக்கு லைன் பார்க்கப் போனால், வேறு ஆளை அனுப்பச் சொன்னார்கள். பங்காளி வீட்டுக் கல்யாணத்துக்குப் பத்திரிகை வந்தது, ஆள் வரவில்லை, தபாலில் போட்டுவிட்டார்கள். அடுத்த தெருவுக்குத் தபால்! மருதாசலம் அந்த உறையைப் பிரிக்காமலே அலமாரியில் வைத்தான்.

அதற்கு அடுத்த ஞாயிறு, யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிக் கொல்லிமலை அடிவாரத்தில் ஒரு காளி கோவிலுக்குப் போனான். காசு வெட்டிப் போடத்தான். அநியாயம் செய்தவன் பணக்காரன், கேட்க நாதியில்லை என்று ஆகிவிட்டால் அந்தப் பக்கத்துச் சனங்கள் செய்கிற காரியம் அது. குறையைச் சாமி முன்னால் வாய்விட்டுச் சொல்லி, ஒரு காசைக் கல்லின் மேல் வைத்து, உளியால் இரண்டாக வெட்டிப் போட்டுவிட்டு வந்துவிட வேண்டும். அதன்பிறகு வழக்கு சாமியுடையது. இரண்டு தரப்புக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. வெட்டிய காசை எடுக்க வேண்டும் என்றாலும் இரண்டு தரப்பும் சேர்ந்து வந்துதான் எடுக்க வேண்டும்.

ஒரு பக்கம் சட்டம், ஒரு பக்கம் சாமி, இரண்டில் ஒன்றாவது கேட்காதா என்ற ஆற்றாமைதான். நாலணாவைக் கல்லில் வைத்ததும் பூசாரி குறையைச் சொல்லச் சொன்னார். வருஷக்கணக்காக நாலு வார்த்தைக்கு மேல் சேர்த்துப் பேசாதவனுக்கு அன்று வாய் திறந்துகொண்டது. அந்தப் பெண்களை அவன் சொல்லவில்லை, அதுகளும் பிள்ளைகள்தான். "எம்புள்ளைக்கு நடந்ததைக் கண்டும் கேட்டும் வாயைத் தொறக்காம இருந்தவங்க ஆராயிருந்தாலுஞ் சரி, நீயே கேளு தாயி" என்றான். ஓங்கி ஒரே அடியில் காசு இரண்டாயிற்று.

கூட்டத்தில் அவன் ஊர்க்காரர் ஒருவர் இருந்திருக்கிறார். பேச்சு அவனுக்கு முன்னால் ஊர் போய்ச் சேர்ந்தது. தாளாளர் கேட்டுவிட்டுச் சிரித்தாராம். பயந்தவள் ஆத்தாயி ஒருத்திதான்.

பங்குனி பிறந்ததும் விசாரணைத் தேதி வந்தது. மருதாசலம் தாளோடு ஆத்தாயி வீட்டுக்கு ஓடினான். அவள் உள்ளே வரச் சொல்லவில்லை. வாசலிலேயே நின்று, அவன் முகத்தைப் பார்க்காமல் பேசினாள்.

"கண்டும் வாய் தொறக்காதவங்கன்னு சொல்லி வெட்டிப் போட்டீங்களாமா. நீங்க வந்து கேக்கற வரைக்கும் ரெண்டு மாசம் நானுந்தானுங்க வாயைத் தொறக்கலை. வேலை போயிருமேன்னு இருந்துட்டேன். இப்ப வந்து, நாங் கண்டேன்னு சொன்னா, அது நாந்தான்னு நானே ஒத்துக்கிட்டாப்பல ஆயிருமுங்க. எனக்கும் ரெண்டு புள்ளைக இருக்குதுங்க சாமி. நான் எதையும் பாக்கலீங்க."

உன்னை நினைத்துச் சொல்லவில்லை என்று அவன் கெஞ்சினான். நீங்கள் நினைக்காவிட்டால் என்ன, சாமி நினைக்குமே என்றாள் அவள். காசை எடுத்துவிடுகிறேன் என்றான். எடுக்கத் தாளாளரும் தலைமையாசிரியரும் கூட வர வேண்டும். அது நடக்கிற காரியமா? நாமக்கல்லில் வேலுசாமி தலையில் அடித்துக்கொண்டார். "ஒரே மனுவைச் சாமிக்கும் சர்க்காருக்கும் போட்டுப்புட்டு, இருந்த ஒத்தைச் சாட்சியையும் தொலைச்சுப் போட்டீரே அய்யா" என்றார். பிறகு, எதற்கும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போம் என்றார்.

சேலத்தில் விசாரணை நடத்தியது ஒரு பெண் அதிகாரி. மூக்குக் கண்ணாடி, கதர்ச் சேலை, மேசை மேல் ஒரு சோற்றுத் தூக்கு. தலைமையாசிரியர் ஆஸ்பத்திரிப் பதிவின் நகலையும், கடிபட்ட பெண்ணின் புகாரையும், மூன்று ஆசிரியர்களின் கையெழுத்தையும் வரிசையாக எடுத்து வைத்தார். உங்கள் சாட்சி எங்கே என்று அதிகாரி கேட்டார். வரவில்லை என்றான் மருதாசலம். சரி, பெண் சொல்லட்டும் என்றார்.

"அதுக்குப் பேச வராதுங்க அம்மா. நானே சொல்லிப் போடறேனுங்க."

"காது அவளோடதுதானே? அவளே சொல்லட்டும். எனக்கு அவசரமில்லை" என்றார் அதிகாரி.

சௌந்திரம் எழுந்து நின்றாள். முதல் வார்த்தை வருவதற்கே வெகுநேரம் ஆயிற்று. தலைமையாசிரியர் கடிகாரத்தைப் பார்த்தார். மருதாசலத்தின் உதடு அவளுக்குப் பதிலாக அசைந்தது. அதிகாரி கையமர்த்திவிட்டுக் காத்திருந்தார். பிறகு வார்த்தை வந்தது, விட்டு விட்டு, முட்டி முட்டி. அவள் நிறுத்தவில்லை. நாலு பெண்களின் பேர், தொட்டி, மணி, யார் கையைப் பிடித்தது, யார் சிரித்தது, கடித்தது எந்தக் கையை, எல்லாம் சொன்னாள். ஆமாம், கடித்தேன் என்றாள். அதற்கு முன் எந்தெந்த நாளில் எந்த டீச்சரிடம் சொன்னாள் என்பதையும் சொன்னாள். குமாஸ்தா எழுதிக்கொண்டே போனார். மத்தியானம் தாண்டிவிட்டது. அதிகாரியின் தூக்கு திறக்கப்படவே இல்லை.

கடைசியில் குமாஸ்தா எழுதியதைப் படித்துக் காட்டினார். அதன் முடிவில் இப்படி இருந்தது: ‘ஆடியில் ஒரு தடவையும், ஆயுத பூஜைக்கு முன் ஒரு தடவையும், தீபாவளி கழிந்து ஒரு தடவையும் என் தகப்பனாரிடம் சொன்னேன். கண்டுகொள்ளாதே, அதுவாக விட்டுவிடும் என்றார். மூன்றாம் தடவை தோட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் போகிறேன் என்றேன். வெறுங்காதோடு போனால் தாயில்லாத பிள்ளையை வைத்திருக்கிற லட்சணத்தைப் பார் என்று நாலு பேர் பேசுவார்கள் என்று சொல்லி, அவரே திருகாணியை முறுக்கிவிட்டார்.’

தலைமையாசிரியர் நிமிர்ந்து உட்கார்ந்தார். மனுவில் தனக்கு எதுவும் தெரியாது என்று எழுதிக் கொடுத்திருக்கிறார், ஒன்று அந்த மனு பொய், இல்லாவிட்டால் இந்தப் பெண் சொல்வது பொய் என்றார். அவர் சொன்னதில் தவறில்லை. பெண் பொய் சொல்கிறாள் என்று ஒரு வார்த்தை சொன்னால் மருதாசலம் தப்பித்துவிடலாம். வாரிய வேலைக்காரன், பொய் மனு கொடுத்தான் என்ற பேர் வராது. ஆனால் டி.சி.யில் எழுதியிருப்பது அப்படியே நிற்கும்.

அதிகாரி அவன் பக்கம் திரும்பி, இது உண்மையா என்று கேட்டார். சௌந்திரம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உண்மைதானுங்க அம்மா" என்றான். "மூணு தடவையும் சொல்லுச்சுங்க. பள்ளிக்கூடத்துக்கு முந்திக் காதுல வாங்காதவன் நாந்தானுங்க. மனுவுல நான் எழுதிக் குடுத்ததுதான் பொய்யி. எம்புள்ள சொல்றதுல ஒண்ணும் பொய்யில்லீங்க. அதையும் எழுதிக்கச் சொல்லுங்க."

குமாஸ்தா எழுதினார். மைனர் வாக்குமூலம் என்பதால் தகப்பனாரும் கையெழுத்திட வேண்டும் என்று தாளைத் திருப்பி வைத்தார். சௌந்திரம் போட்ட கையெழுத்துக்குக் கீழே மருதாசலம் போட்டான்.

நாற்பது நாள் கழித்து உத்தரவு வந்தது. புகார் வந்தும் நடவடிக்கை எடுக்காமல் இருந்ததற்குப் பள்ளியிடம் விளக்கம் கேட்டிருந்தார்கள். டி.சி.யில் எழுதிய வரியை நீக்கி, நடத்தை ‘நன்று’ என்று புதிதாகக் கொடுக்க வேண்டும். மருதாசலம் மனுவில் பொய் எழுதிக் கொடுத்தது பற்றியும் ஒரு வரி இருந்தது. அது வாரிய அலுவலகம் வரைக்கும் போய், அந்த வருஷம் அவனுக்குச் சம்பள உயர்வு நின்றது. மாஜிஸ்திரேட்டிடம் போகலாமா என்று வேலுசாமி கேட்டபோது, பிள்ளையிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றான். அவள் வேண்டாம் என்று தலையசைத்தாள். அத்தை வீட்டில் இருந்து படிக்கிறேன் என்று ஒரு தாளில் எழுதி வைத்தாள்.

ஜூனில் ஆட்டையாம்பட்டியில் சேர்த்துவிட்டான். அதன்பிறகு வீட்டில் அவன் ஒருத்தன்தான். ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி போடுவது என்று தெரியாமல் கொஞ்ச நாள் சோறு மிஞ்சியது. ரேடியோவைப் போடவே மாட்டான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பஸ் ஏறி ஆட்டையாம்பட்டி போவான். சௌந்திரம் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பாள், எதிரில் உட்காருவாள், பேச மாட்டாள். அவனும் எதுவும் கேட்க மாட்டான். பக்கத்து வீடுகளில் தறிச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும். அங்கம்மாள் மட்டும் இருவருக்கும் சேர்த்துப் பேசுவாள். அஞ்சு மணி பஸ்ஸை விட்டால் அந்தப் பக்கத்திலிருந்து ஊர் போக வேறு வண்டி கிடையாது. அதைப் பிடித்துத் திரும்பிவிடுவான்.

ஒன்பதாவது ஞாயிறு, பஸ் முக்கில் வந்து ஆரன் அடித்தது. அவன் பையை எடுத்துக்கொண்டு எழுந்தான். சௌந்திரத்தின் தாடை அசைந்தது. எழுந்தவன் அப்படியே நின்றான்.

"அ… அப்பா" என்றாள். "இங்… இங்கேயும் ஒரு புள்ள…"

பஸ் இரண்டாம் முறை ஆரன் அடித்தது. அங்கம்மாள் உள்ளேயிருந்து, வண்டி போகப்போகிறது என்று சத்தம் போட்டாள். மருதாசலம் பையைக் கீழே வைத்துவிட்டு அவள் எதிரில் உட்கார்ந்தான்.

"சொல்லு சாமி" என்றான்.